70 வளைவுக்கு மேலே: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் கொல்லிமலைச் சாமைச் சோற்றைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், தபாலிலும் வாட்ஸ்அப்பிலுமாக ஒரே மலைக் கேள்விகள். நான் அங்கே பிறந்தவன் இல்லை. ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதப் போய், மலைமேல் இருக்கும் செம்மேட்டில் மூன்று வருஷம் வாடகை வீட்டில் இருந்தவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சும் செல்லும். சரி, இந்த வாரம் அரசியல், சினிமாக் கேள்விகளுக்கு லீவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, அருவி, கோயில், வியூ பாயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியுமா?
- ஒரு சேலம் வாசகர்

முடியும். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள், திங்கட்கிழமை லீவும் போடுகிறார்கள். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளியில் அடிவாரம் வரும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் குமட்டலுக்குப் பாதிக் காரணம் என்பது என் கட்சி, 40 வந்ததும் இன்னும் 30 இருக்கிறதே என்று வயிறு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். முள்ளுக்குறிச்சிப் பக்கமாக இன்னொரு பாதையும் இருக்கிறது, அதில் வளைவு குறைவு.

ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரம். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், ஏறும்போது ஒருவர் கையிலும் போன் இருக்காது. காலை பத்து மணிக்குள் இதை முடித்துவிடுங்கள். அப்புறம் ஆடி 18-ஐ ஒட்டி, சங்க காலத்தில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள், மலையைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாளில் போங்கள்.

கொல்லிமலையில் இருப்பவர்களை 'மலையாளி' என்கிறார்களே, கேரளாவிலிருந்து வந்தவர்களா?
- நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

அடிவாரத்து ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வருகிறது பாருங்கள். இல்லை, கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். கொல்லிமலையில் மட்டுமில்லை, சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது மலைகளிலும் இருக்கிறார்கள். பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர், சேர்வராயனுக்கும் கொல்லிக்கும் பச்சைமலைக்குமாகப் பிரிந்து போனார்கள் என்பது அவர்களே சொல்லும் பழங்கதை.

கொல்லிமலையில் 'எந்த ஊர்?' என்று கேட்பதைவிட 'எந்த நாடு?' என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். வளவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு இப்படி நாடு நாடாகத்தான் மலை பிரிந்திருக்கிறது. இன்றைக்கு இருக்கும் 14 ஊராட்சிகளின் பெயர்ப் பலகையைப் படித்தாலே இது தெரியும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் வருவார், ஊர்க்கவுண்டர் வழிவழியாக வருவார், ஒரு தகராறு என்றால் யாரிடம் முதலில் போவார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்கள்.

கொல்லிமலைச் சாமை என்று பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுகிறேன். போன மாதம் மலைக்கே போயிருந்தேன். எங்கே பார்த்தாலும் மரவள்ளி. ஓட்டலில் சாமைச் சோறு கேட்டால் பரோட்டா இருக்கிறது என்றார்கள். சாமை எங்கே போனது?
- கோயம்புத்தூர் வாசகி ஒருவர்

அம்மா, இந்த ஒரு கேள்விக்காகத்தான் பக்கம் முழுவதையும் மலைக்கு ஒதுக்கினேன்.

சாமையை விரட்டியது எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ரேஷன் அரிசி என்பார்கள், டிவி என்பார்கள், இளவட்டங்களின் நாக்கு என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான் குடியிருந்த வீட்டுக்கார அக்கா சொன்னது வேறு. "சாமை நல்லதுதான் சார். குத்துறதுக்கு உங்க சங்கத்துல கைக்கடன் குடுப்பீங்களா?" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை, கைக்கடன் என்றதும் வட்டி விகிதத்தைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவர் கேட்டது பணமில்லை, உலக்கை பிடிக்க ஒரு ஜோடிக் கை.

சாமையின் உமி நெல்லின் உமி மாதிரி சட்டென்று கழன்று வராது. மணி குருணை போல அவ்வளவு சின்னது, உமியோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்து, அதற்கப்புறம்தான் உலை வைக்கவே முடியும். பகல் முழுக்கக் காட்டில் களை வெட்டிவிட்டு வரும் பெண்ணுக்கு, ஒரு வேளைச் சோற்றுக்காகச் சாயங்காலம் இன்னொரு முழு வேலை. நெல்லுக்கு ஊர் ஊராக ரைஸ் மில் வந்துவிட்டது, அந்த மில்லில் சாமையைப் போட்டால் பாதி மாவாகிவிடும். கடையில் அரிசி கிடைக்க ஆரம்பித்ததும் உலக்கையைச் சாத்தி வைத்த பெண்களை, பாரம்பரியத்தைக் கைவிட்டவர்கள் என்று நாம் மிக்ஸி இருக்கும் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது.

இந்த இடத்தில்தான் மரவள்ளி உள்ளே வருகிறது. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். கிழங்கைப் பிடுங்கினால் லாரி வரும், கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். சேலம், நாமக்கல் வட்டாரம் முழுக்க ஜவ்வரிசிக்குத்தான் பேர். விற்பதற்கு சேகோசர்வ் என்ற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் 1981-இலேயே வந்துவிட்டது. எங்கள் சங்கத்தின் கடன் பதிவேட்டில் 'பயிர்' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய நோட்டுகளில் சாமை, கேழ்வரகு, நெல் என்று கலந்து இருக்கும், நான் எழுதிய நோட்டில் பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி, மேற்படி. மேலே பார்த்தால் மரவள்ளி. கையில் மொத்தமாகக் காசு பார்க்கிற பயிர் அது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டச் சாமை மூட்டையைக் கொண்டுபோய் யாரிடம் நீட்ட முடியும்?

கெடுதல் இல்லையா என்றால் இருக்கிறது. சாமை மழையோடு விதைத்து மூன்று நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும். மரவள்ளி பத்து மாதம் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரிவில் கிழங்கு பிடுங்கினால் மண் பொலபொலவென்று இளகும், அதன் மேல் ஒரு கனமழை பெய்தால் மேல்மண் ஓடையோடு போகும். வருஷா வருஷம் அதையே போட்டால் உரம் கேட்கும். விலை விழுந்தால் கிழங்கைத் தின்றும் தீர்க்க முடியாது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், என்னிடம் சொன்னவர்களே அவர்கள்தான்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது விதை. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று எத்தனை வகை. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று இளைத்த மண்ணிலும் வரும். வருஷக்கணக்கில் விதைக்காமல் விட்டால் அடுக்குப்பானையில் இருக்கும் விதை ஒரு கட்டத்தில் முளைக்காது, அந்த வீட்டைப் பொறுத்தவரை அந்த வகை அத்தோடு முடிந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷமாக மலையில் இதற்காக வேலை செய்கிறது, ஊர்களில் விதை வங்கி வைத்தார்கள், முக்கியமாக உமி நீக்கும் சின்ன மெஷின்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் கொடுத்தார்கள். அக்கா கேட்ட கைக்கடன் கடைசியில் அந்த மெஷின் உருவத்தில்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்தில் கிராக்கி கூடியது, உங்கள் பாக்கெட் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது, மலையில் இருக்கும் குழுக்களே கட்டி விற்கும் பாக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் மூட்டுவலி போய்விடுமா? மலையில் வண்டிக்கு வண்டி விற்கிறார்கள்.
- திருச்சி வாசகர்

சூப் பிரமாதமாக இருக்கும், மிளகு தூக்கலாக, குளிருக்கு இதமாக. அது கிழங்கே இல்லை, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மேலே பழுப்பு ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், அதனால்தான் சைவ ஆட்டுக்கால் சூப் என்று கூவுகிறார்கள். மூட்டுவலி போகும் என்று மலையில் காலங்காலமாக நம்புகிறார்கள். நான் மூன்று வருஷம் குடித்தேன். எனக்கு இப்போதும் முட்டி வலிக்கிறது, டாக்டரிடம்தான் போகிறேன். கிலோக்கணக்கில் வாங்கிக் கீழே கொண்டுவராதீர்கள், பாறையிலிருந்து சுரண்டி எடுத்தது மறுபடி வளரக் காலம் பிடிக்கும்.

மலையில் ஒரு ஏக்கர் வாங்கி, சின்னதாக ஒரு காட்டேஜ் கட்டி, ரிட்டயர்மென்ட் வாழ்க்கையை அங்கேயே கழிக்க ஆசை. யோசனை சொல்லுங்கள்.
- சென்னையிலிருந்து ஓர் ஐ.டி. ஊழியர்

முதல் யோசனை, மழைக்காலத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். துணி காயாது. இரண்டாவது, பழங்குடி மக்களின் நிலம் அது. எல்லாப் பட்டாவும் ஒரே மாதிரிப் பட்டா இல்லை, நிபந்தனையோடு கொடுத்த நிலத்தைக் கைமாற்ற முடியாது. புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டு ஒரு நல்ல வக்கீலையும் தாலுகா அலுவலகத்தையும் பாருங்கள். கட்டடத்துக்கும் மலைப்பகுதிக்கென்று தனி அனுமதி கேட்பார்கள். இதற்கு மேல் உற்சாகப்படுத்த எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

கொல்லிப்பாவை என்பது பேயா, தெய்வமா, வெறும் கதையா?
- மதுரை வாசகர்

நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலையில் எட்டுக்கை அம்மன் கோயிலில் கேட்டால் எங்கள் தாய் என்பார்கள். சிரித்தே ஆளைக் கொல்லும் பெண் உருவம், மலைக்குக் காவல் என்பது கதைசொல்லிகளின் பதில். நற்றிணையில் பரணர் பாடும் பாவை சாது. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாத சிலை, தலைவியின் அழகுக்கு உவமை. எனக்குப் பிடித்தது அந்தப் பாவைதான். அதே பாட்டில் கொல்லியின் பலாவும் வருகிறது, இரண்டாயிரம் வருஷமாக அந்த மலைக்குப் பலாதான் அடையாளம்.

செம்மேட்டில் சிலையாக நிற்கும் ஓரியைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கடைசியில் அந்த ஓரியையே இன்னொரு குறுநில மன்னனான காரி கொன்று, கொல்லிமலையைச் சேரனிடம் கொடுத்தான். உடும்போடு நிறுத்திக்கொண்ட அம்பு காரி வரைக்கும் போயிருக்கலாம்.

எனக்குக் கொல்லிமலையில் ஒரு உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போகலாமா அண்ணா?
- பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தங்கை

போம்மா. பயம் எனக்கும்தான் இருந்தது. போன முதல் மாதமே கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, மரவள்ளி லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து, இருட்டில் 70 வளைவும் இறங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை.

சில விஷயம் மட்டும் சொல்கிறேன். தினமும் கீழிருந்து போய்வரலாம் என்று திட்டம் போடாதே, ஒரே மாதத்தில் உடம்பு மக்கர் பண்ணும். செம்மேட்டிலோ பள்ளிக்கூடம் இருக்கும் நாட்டிலோ ஒரு குடும்பம் இருக்கும் வீட்டில் அறை பார். பள்ளி மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், அதில் எவ்வளவு நடை என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடு, வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பது அங்கே ஒரு பள்ளம் இறங்கி ஒரு மேடு ஏறுவதாக இருக்கும். மார்கழி, தை மாதத்துக்கு நல்ல கம்பளி, மழைக்கு வழுக்காத செருப்பு. போன் சிக்னல் எந்தப் பாறை மேல் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள்.

சேர்ந்த வாரத்திலேயே ஊர்ப் பெரியவரைப் போய்ப் பார்த்து, இன்னார் மகள், இந்த ஊர், பாடம் சொல்ல வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வா. அப்புறம் உனக்கு ஒன்று என்றால் ஊரே வரும். காப்பி பறிக்கும் மாதங்களில் பெஞ்சு காலியாகும், அதற்காகப் பிள்ளைகளைத் திட்டாதே. அந்தக் கூலியில்தான் நோட்டு வாங்குகிறார்கள். சாயங்காலம் வீடு வரைக்கும் நடந்து போய் 'நாளைக்கு வர்றியா' என்று கேட்டால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள், இதைச் செய்து காட்டிய ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். வீட்டில் அம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் தங்க வை, வேண்டாம் என்ற பேச்சு அடங்கிவிடும்.

பலாப்பழம் வாங்க எப்போது போகலாம்?
- ஈரோடு வாசகர்

வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும். மலை ஏறியதும் வரும் சோளக்காட்டுச் சந்தையில் காலையிலேயே பாருங்கள், கருவாழையும் அங்கேயே கிடைக்கும். தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாது என்றால் விற்கிற அம்மாவிடமே 'இன்னைக்கு அறுக்கிறதா, நாளைக்கு அறுக்கிறதா' என்று கேட்டுவிடுங்கள், ஏமாற்ற மாட்டார்கள். நாளைக்கு அறுக்கிற பழமாகவே வாங்குங்கள். நன்றாகப் பழுத்ததைக் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு 70 வளைவு இறங்கினால் என்ன ஆகும் என்பதை முதல் கேள்வி கேட்ட சேலத்துக்காரர் போய் வந்து எழுதுவார்.