பதினொன்றாம் வகுப்பு வெக்டர் கணக்கு: சூத்திரமெல்லாம் தெரிகிறது, ஆனாலும் விடை தப்பாகவே வருகிறது. எப்படிப் பழகுவது?

இதே கேள்வியோடு வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை என் முன்னால் வந்து உட்காரும். மாலையில் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சூத்திரம் தெரியாமல் வெக்டரில், அதாவது அளவோடு திசையும் சேர்ந்த கணக்கில், தப்பு விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படம் போடாமல் விட்டவர்களும் வந்த விடையைச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போனவர்களும்தான் அதிகம்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்பியல் முதல் தொகுதியில், இயக்கவியல் பாடத்திலேயே வெக்டர் வந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் அது இரண்டாம் தொகுதியில் எட்டாவது பாடம். நடுவில் இருக்கும் அத்தனை மாதமும் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், கை பென்சிலைத் தொடுவதே இல்லை.

நான் வெக்டர் கூட்டலைப் புரிந்துகொண்டது வகுப்பில் இல்லை, காவிரிக் கரையில். எங்கள் ஊரில் பரிசல்காரர் அக்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் கரையோரமாகவே நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்ச தூரம் பரிசலைக் கொண்டுபோய், அங்கிருந்துதான் குறுக்கே துடுப்புப் போடுவார். ஆற்றின் அகலம் 300 மீட்டர், பரிசல் குறுக்கே நொடிக்கு 1 மீட்டர் போகிறது, தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடக்க 300 நொடி, அதற்குள் ஆறு 150 மீட்டர் கீழே தள்ளிவிடும். அந்த 150 மீட்டரைத்தான் அவர் முன்கூட்டியே மேலே போய் எடுத்துவைக்கிறார். துடுப்பும் நீரோட்டமும் சேர்ந்து கிடைக்கும் சாய்ந்த கோடுதான் புத்தகம் சொல்லும் தொகுபயன்.

சரி, உங்கள் பயிற்சிக்கு வருவோம். முதல் ஒரு வாரம் மூன்று பரிமாணத்தைத் தொடாதீர்கள். கிராப் தாள் எடுத்து ஏ (1, 2), பி (4, 6), சி (6, 1) என்று மூன்று புள்ளி வையுங்கள். ஏ-யிலிருந்து பி-க்குப் போகும் வெக்டர், போய்ச் சேரும் புள்ளியில் இருந்து கிளம்பிய புள்ளியைக் கழித்தால் வருவது: (3, 4). எண்ணளவு, அதாவது நீளம், 5. பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இந்தக் கழித்தல்தான், பதினொன்றில் நானே அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தலைகீழாகக் கழித்துக்கொண்டிருந்தேன், எண்ணளவு சரியாகவே வந்ததால் தப்பு கண்ணில் படவில்லை. அதனால் மூன்று பக்கத்தையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பி-யிலிருந்து சி-க்கு (2, −5), சி-யிலிருந்து ஏ-க்கு (−5, 1). மூன்றையும் கூட்டினால் (0, 0). கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம் இல்லையா, பூச்சியம் வந்தே ஆக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திசை மாற்றி எழுதியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் குறுக்குப் பெருக்கல். அதிக மதிப்பெண் போகிற இடம் இதுதான், காரணம் அணிக்கோவையை (டிடர்மினன்ட்) விரிக்கும்போது ஜே கேப்புக்கு, அதாவது நடு உறுப்புக்கு, முன்னால் வரும் மைனஸ். போன வருடம் ஒரு மாணவி (2, 3, −1), (1, −2, 4) இரண்டையும் குறுக்குப் பெருக்கல் செய்து (10, 9, −7) என்று எழுதிக் கொண்டுவந்தாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. விடையை முதல் வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்து, அதாவது உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டிப் பாரம்மா என்றேன். 20, 27, 7 மூன்றும் கூடி 54 வந்தது. குறுக்குப் பெருக்கலின் விடை இரண்டு வெக்டருக்கும் செங்குத்து, அதனால் புள்ளிப் பெருக்கல் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளே ரப்பரை எடுத்து 9-ஐ −9 ஆக்கினாள். இப்போது 20 − 27 + 7, பூச்சியம். இரண்டாவதோடு 10 + 18 − 28, அதுவும் பூச்சியம். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, தேர்வில் விடைத்தாளின் ஓரத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

புள்ளிப் பெருக்கலில் குறி என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். மேலே உள்ள அதே இரண்டு வெக்டருக்கு 2 − 6 − 4, அதாவது −8. மைனஸ் வந்தால் இடையில் உள்ளது விரிகோணம். அந்தக் கோணத்தின் கொசைன் நேர்மறையாக வந்தால் எங்கோ குறி தவறிவிட்டது என்று அர்த்தம்.

புத்தகக் கணக்கு தீர்ந்துவிட்டால் நீங்களே கணக்கு உண்டாக்குங்கள். (1, 2, 2) எடுத்தால் எண்ணளவு 3, (2, 3, 6) எடுத்தால் 7, (1, 4, 8) எடுத்தால் 9. வர்க்கமூலம் முழு எண்ணாக வருவதால் அலகு வெக்டர் (நீளம் 1 உள்ளது), திசைக் கொசைன் (அச்சுகளோடு உள்ள கோணங்களின் கொசைன்) எல்லாம் குழப்பமில்லாமல் பழகலாம். (1, 2, 2), (2, 1, −2) இரண்டையும் இன்றைக்கே எடுத்துப் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் போட்டுப் பாருங்கள். புள்ளிப் பெருக்கலுக்குப் பூச்சியம் வரும். குறுக்குப் பெருக்கல் விடையின் எண்ணளவு 9 வரவில்லையென்றால் ஜே கேப்பை மட்டுமில்லாமல் மூன்று உறுப்பையும் ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் குறி மட்டும் தவறியிருந்தால் எண்ணளவு அதைக் காட்டிக்கொடுக்காது, அதைப் பிடிக்க மறுபடி புள்ளிப் பெருக்கலுக்குத்தான் போக வேண்டும்.