அகலப்பாதை வந்த பிறகும் திருவாரூர் ஜங்ஷனில் ரயில் ஏன் ஊர்ந்து நுழைகிறது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்கி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, நடுவழியில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, திருவாரூர் நெருங்கும்போது மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறார்கள், அப்புறம் ஏன் மாட்டு வண்டி வேகத்தில் உள்ளே வருகிறது?

நான் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "சிக்னல் கிடைக்கலை" என்று பயணிகள் அலுத்துக்கொள்வதை எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உள்ளே ஊர்ந்து வருவது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 1676 ஆனது என்பது நேர்ப்பாதைக்குத்தான் பெரிய லாபம். ஜங்ஷனில் வேகத்தைத் தீர்மானிப்பது பாயிண்ட், அதாவது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு வண்டி பிரியும் இடம். 12 அடி முன்னே போனால் 1 அடி விலகுகிற பாயிண்டில் பக்கவாட்டு லைனுக்குத் திரும்ப வழக்கமான வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். எட்டரைக்கு ஒன்று, அதாவது எட்டரை அடிக்கே 1 அடி விலகுகிற பாயிண்ட் என்றால் திருப்பம் இன்னும் கூர்மை, வேகம் 15தான். பெரிய பாயிண்டாகவே எல்லா இடத்திலும் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அகலப்பாதையில் பன்னிரண்டுக்கு ஒன்று பாயிண்ட் ஒன்றே ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். லூப் லைனும், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்க லைனும், 686 மீட்டர் இருக்க வேண்டும் என்பது வெகுகாலக் கணக்கு. ஊர் நடுவில், ஒரு பக்கம் கேட், இன்னொரு பக்கம் வாய்க்கால் பாலம் என்று மீட்டர் கேஜ் காலத்தில் அமைந்த யார்டில் இதையெல்லாம் அடைக்கும்போது எங்காவது ஒரு மூலையில் சின்ன பாயிண்ட்தான் வாய்க்கும்.

அதைவிட முக்கியம், எஞ்சின் பாயிண்டைத் தாண்டிவிட்டால் டிரைவர் வேகம் எடுக்க முடியாது, கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். 20 பெட்டி வண்டி என்றால் சுமார் 440 மீட்டர். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது கடக்க ஒன்றே முக்கால் நிமிஷம், இரண்டு பாயிண்ட் தள்ளித் தள்ளி வந்தால் இன்னும் கூடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது பத்து நிமிஷம் மாதிரி தெரியும்.

அடுத்தது வெளியே நிற்பது. திருவாரூரில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்குடி என்று நாலு திசைப் பாதை வந்து சேர்கிறது. ஒரு வண்டிக்கு வழி போட்டால் அந்த வழியில் உள்ள பாயிண்ட் எல்லாம் பூட்டிக்கொள்ளும், அதை வெட்டுகிற வேறு எந்த வழிக்கும் சிக்னல் விழாது. அது மட்டுமில்லை, வண்டி நிற்க வேண்டிய ஸ்டார்ட்டர் சிக்னலை, அதாவது ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப அனுமதிக்கும் சிக்னலைத் தாண்டியும் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், பிரேக் கொஞ்சம் தவறினாலும் மோதாமல் இருக்க. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் இந்த 120 மீட்டர்தான் தகராறு. ஒன்று முழுசாக உள்ளே வந்து நின்ற பிறகுதான் இன்னொன்றுக்கு ஹோம் சிக்னல், அதாவது ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னல். லூப் முனையில் மணல் மேடு போட்டிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், தாண்டுகிற வண்டி மணலில் புதைந்து நின்றுவிடும். அதற்கும் இடம் வேண்டுமே!

மீட்டர் கேஜ் காலத்தில் இது இல்லையா என்றால், இருந்தது, ஆனால் எல்லாம் மனிதக் கண்ணால். கைகாட்டி, கேபினில் லீவர், கம்பி இழுவை. பக்கத்து ஸ்டேஷன் லைன் கிளியர், அதாவது வண்டி வரலாம் என்ற ஒப்புதல், கொடுத்தால்தான் கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே வரும், அதுதான் டிரைவருக்கு அனுமதி, அதைத் தோல் பையில் போட்டு பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினில் இருக்கிறவர் கையில் கோத்துக்கொள்ளும்படி நீட்டுவார்கள். லைன் காலியா என்பதை ஆள் போய்ப் பார்த்துச் சொல்வார், வண்டி முழுசாக வந்ததா என்பதைக் கடைசிப் பெட்டியைப் பார்த்து உறுதி செய்வார்கள்.

இங்கே அதிகம் பேர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பழைய பாதைகள் பலவற்றில் சிலிப்பர், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை, இரும்பு. தண்டவாளம் இரண்டையும் இரும்பே இணைத்தால் டிராக் சர்க்கியூட் வைக்கவே முடியாது, ஏனென்றால் அது தண்டவாளத்தில் சின்ன மின்சாரம் விட்டு, சக்கரம் வந்து அதைக் குறுக்கே இணைக்கும்போது "இங்கே வண்டி இருக்கிறது" என்று அறிகிற ஏற்பாடு. அந்த மாதிரிப் பாதைகளில் கான்கிரீட் சிலிப்பரும் அதன்மேல் ரப்பர் பட்டையும் வந்த பிறகுதான் அது சாத்தியமானது. அகலப்பாதை வேலையில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான், அகலம்கூட இல்லை. ஆனால் டெல்டா மழையில் ஜல்லிக்குள் சேறு ஏறித் தண்ணீர் நின்றாலும் மின்சாரம் கசியும், வண்டியே இல்லாத லைனில் ஸ்டேஷனில் இருக்கும் சிக்னல் பேனல் சிவப்புக் காட்டும். அப்போது ஆள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை நீங்கள் வெளியேதான்.

தண்டவாளம் மட்டும் தயாராகி மற்றது தயாராகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடி பாதையே சாட்சி. அகலப்பாதை வேலைக்காக 2012ல் மூடி, 2019 ஜூனில் திருவாரூர் வரை முழுசாகத் திறந்தார்கள். பாதை புதுசு, ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட கேட்டுகளுக்குப் போதிய ஆள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் வண்டி நின்று, இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறி... சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சைக்கிளில் போனவர் ஜெயித்திருப்பாரா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஓரளவு போட்டி இருந்திருக்கும்.

அடுத்த முறை வளைவில் நின்று ஹோம் சிக்னல் கண்ணில் பட்டால் மேலே பாருங்கள். மஞ்சள் விளக்கோடு வரிசையாக ஐந்து வெள்ளை விளக்கும் சாய்வாக எரிந்தால் உங்கள் வண்டி பக்கத்து லைனுக்குப் பிரியப் போகிறது. அப்போது பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகாதீர்கள், பாயிண்டில் பெட்டி நன்றாகவே ஆடும்.