பாலைக் குறைத்தால் கடன் அடையுமா?

கேள்வி: ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஒரு மில்லில் சூப்பர்வைசர், கையில் 34,000 வருகிறது. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், மாதம் 7,000 கிடைக்கும். பையன் எட்டாவது, பெண் நான்காவது. மாமியாரும் எங்களோடுதான். மாமனாரின் ஆபரேஷனுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் வாங்கிய கடன் 4 லட்சத்தில் நிற்கிறது. தெரிந்தவரிடம் 3 வட்டிக்கு ஒன்றரை லட்சம். 6 பவுன் நகை தனியார் அடகுக் கடையில் 1,80,000 ரூபாய்க்கு இருக்கிறது, ஒன்றரை வட்டி. கிரெடிட் கார்டில் 48,000. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை 2,400 கட்டுகிறோம். குழுக் கடன் மாதம் 2,100, இன்னும் 12 தவணை. இதுபோக லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று, மாதம் 5,000. 20 மாதச் சீட்டில் 8 கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். பாலை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராக்கிவிட்டேன், கேபிளை நிறுத்திவிட்டேன். ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குத் தண்டல் வாங்கலாம் என்கிறார் கணவர். இன்னும் எதைத்தான் குறைப்பது?

பதில்: முதல் வேலையாக அந்த அரை லிட்டர் பாலைத் திரும்ப வாங்குங்கள். அதில் மிச்சமாவது மாதம் 650 ரூபாய் போல. வளரும் பிள்ளைகள் இரண்டு பேரும் வயதான ஒருவரும் இருக்கிற வீட்டில் அந்த 650 மிச்சமே இல்லை.

உங்கள் வீட்டின் பெரிய செலவு அரிசியும் இல்லை, வாடகையும் இல்லை. அது வட்டி. 3 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 போகிறது. நகைக்கு 2,700. கார்டுக்காரர்கள் பெரும்பாலும் மாதம் 3.5 விழுக்காடு போடுகிறார்கள். 48,000க்கு அது 1,680. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,980ஐ ஒட்டி வரும். அதாவது நீங்கள் கட்டும் 2,400இல் அசலுக்குப் போவது 400 ரூபாய் சொச்சம். பாக்கி வைத்துக்கொண்டே அதே கார்டைத் தேய்த்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மூன்றையும் கூட்டினால் மாதம் 9,180. குழுக் கடன் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. 41,000 வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஒரு வேளைச் சோறு கூட வாங்காமல் வெளியே போகிறது. எனவே எதைக் குறைப்பது என்ற கேள்விக்கு முதல் பதில், இந்த 9,180ஐத்தான்.

அதற்குச் சாவி உங்கள் சீட்டில் இருக்கிறது. நீங்கள் சேமிப்பு என்று சொல்வது புரிகிறது, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு கையில் 36 விழுக்காட்டுக்குக் கடன் வைத்துக்கொண்டு மறு கையில் சீட்டைக் கடைசி வரை இழுப்பது நஷ்டக் கணக்கு. அடுத்த ஏலத்தில் 15,000 தள்ளி எடுத்தால் 85,000 கைக்கு வரும். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் கிட்டத்தட்ட முழு லட்சம் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 85,000 இல்லாமல் 3 வட்டிக் கடனை ஒரு வருடம் ஓட்டினால் வட்டி மட்டும் 30,600. 15,000 போனால் போகட்டும் என்பதற்கு இதுதான் காரணம். 25,000 வரை தள்ளிக் கேட்டாலும் கணக்கு உங்கள் பக்கம்தான். அதற்கு மேல் போட்டி போனால் அடுத்த மாதம் பாருங்கள். எடுத்த பிறகும் மீதி 12 மாதம் 5,000 கட்டியாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அதே வேளையில், நகைக்கடையில் மாதச் சீட்டு ஏதாவது கட்டிக்கொண்டிருந்தால் அது முடிந்ததும் புதிதாகச் சேராதீர்கள். இருக்கிற நகையே அடகில் இருக்கும்போது எதற்கு இன்னொன்று?

அடுத்தது நகை. பொதுத்துறை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9, 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. நீங்கள் கட்டுவது 18. அதோடு, நீங்கள் 6 பவுனை 1,80,000க்கு வைத்திருக்கிறீர்கள், பவுனுக்கு வெறும் 30,000. தங்கம் இன்று விற்கும் விலைக்கு அதே நகைக்கு வங்கியில் இதைவிட நிறையக் கிடைக்கும்.

மாற்றுவது எப்படி என்பதில்தான் பலர் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். மீட்கப் பணம் வேண்டும், மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். உங்கள் அடகு ரசீதை எடுத்துப் பாருங்கள். 6 பவுனும் ஒரே ரசீதிலா, இரண்டு மூன்று ரசீதாகவா? இரண்டாக இருந்தால் வேலை சுலபம். சீட்டுப் பணத்தில் ஒரு ரசீதை மீட்டு, அன்றே வங்கியில் வைத்து, அந்தப் பணத்தில் அடுத்ததை மீட்கலாம். ஒரே ரசீதாக இருந்தால் கடனைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளும் வங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் காலையில் வாங்கி மாலையில் கொடுக்கும்படி அண்ணன் தம்பியிடம் ஒரு நாள் கைமாற்று. வங்கிக்குப் போகும் முன் நகை மதிப்பீட்டாளர் கிளைக்கு எந்த நாள் வருவார் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நாளில் போய் நகையோடு திரும்பி வருவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

வங்கியில் வைக்கும்போது ஆறு பவுனையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். சங்கிலி ஒரு கடன், வளையல் ஒரு கடன் என்று இரண்டு மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பிற்பாடு 90,000 சேர்ந்தால் வளையல் வீட்டுக்கு வரும். ஒரே கடனாக இருந்தால் முழுப் பணமும் கட்டும் வரை ஒரு மூக்குத்திகூட வராது. இடையில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மதிப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவையும் வாங்கிவிடவும் கூடாது. விலை இறங்கினால் இன்னும் நகை வை, இல்லை பணம் கட்டு என்று கூப்பிடுவார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சீட்டில் வந்த 85,000இல் கார்டின் 48,000ஐ முழுதாக முடித்து, கார்டை ரத்து செய்துவிடுங்கள். மீதி 37,000 அந்த 3 வட்டிக்குக் கொடுத்தவருக்கு. அவருக்கு இன்னும் 1,13,000 பாக்கி; அதை வங்கி நகைக்கடனில் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம். கடைசியில் வட்டியோடு நிற்பது வங்கியில் 2,93,000 மட்டும். ஒன்பதரை விழுக்காட்டில் மாதம் 2,320. குழுக் கடன் அது பாட்டுக்கு ஓடி முடியட்டும். 9,180 இருந்த இடத்தில் 2,320. சமையலறைப் பக்கம் இன்னும் நாம் போகவே இல்லை.

3 வட்டிக்குக் கொடுத்தவரிடம் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பலர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க மாட்டார்கள், மொத்தமாகக் கொடு என்பார்கள். அதனால் இரண்டு தொகையும் கையில் சேர்ந்த பிறகு ஒரே நாளில் போய் முடிப்பது நல்லது. பாதிதான் கொடுக்கிறீர்கள் என்றால் புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, இவ்வளவு வரவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுதும் கொடுத்தால் புரோநோட்டையும், வெற்றுக் காசோலை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் அங்கேயே திரும்ப வாங்குங்கள். "வீட்டில் எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்றால், தேடி எடுத்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலிருந்தே சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் அதைச் சொல்லியே புகார் கொடுக்கலாம்.

அப்புறம், கேட்கச் சங்கடமான ஒன்று. நீங்கள் எழுதிய பட்டியலில் இல்லாத கடன் ஏதாவது இருக்கிறதா? மில்லில் வாங்கிய முன்பணம், நண்பரிடம் வாங்கிய 20,000, போன் செயலியில் எடுத்த ஒன்று என்று கணவர் சொல்லாமல் வைத்திருப்பது உண்டு. மனைவி மளிகைக்கடையில் நோட்டு வைத்திருப்பதும் உண்டு. சண்டை போடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைந்திருக்கும் ஒரு கடன் போதும், மேலே சொன்ன கணக்கெல்லாம் மூன்றாம் மாதமே குப்புறக் கவிழ்ந்துவிடும்.

சரி, வீட்டுச் செலவுக்கு வருவோம். அன்றாடச் செலவால் கடனாளியாகும் குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வரும் செலவுதான் ஆளைச் சாய்க்கும். ஜூனில் பள்ளி, ஐப்பசியில் தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வரிசை கட்டும் கல்யாணங்கள். ஒவ்வொன்றும் திடீரென்று வந்ததுபோல் இருக்கும், ஆனால் எல்லாமே நாள்காட்டியில் இருப்பவை. உங்கள் கார்டுக் கடனைக் கிளறினால் பாதிக்கு மேல் போன ஜூனும் போன தீபாவளியுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 3,500 என்று வங்கியில் ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், மே மாதம் முடிகிற மாதிரி. சம்பளம் ஏறிய மறுநாளே கணக்கிலிருந்து போய்விட வேண்டும். கையில் இருந்தால் இருக்காது.

மொய் விஷயத்தில் உங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும், வெறும் கையோடு போக முடியாது. மொய் நோட்டை எடுத்து, உங்களுக்கு வைத்தவர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது கடன்தான், திருப்பித்தான் ஆக வேண்டும். நோட்டில் இல்லாதவர் வீட்டுக்குக் கணவர் மட்டும் போய் வாழ்த்திவிட்டு 200 வைத்துவிட்டு வரட்டும். நாத்தனார் வீட்டுக்குச் சீர் செய்ய வேண்டிய காரியம் இந்த இரண்டு வருடத்தில் வருமானால், நாள் குறிக்கும் முன்பே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அவர் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் இதில்தானே இருக்கிறது, புரிந்துகொள்வார். பத்திரிகை அடித்த பிறகு சொன்னால்தான் மனஸ்தாபம்.

அன்றாடத்தில் நான் கை வைப்பது சில இடங்களில்தான். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. இரண்டையும் ஒரு மாதமும் விடாமல் வாங்குங்கள். ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி மாவுக்குப் போடுங்கள், பாக்கெட் மாவு நின்றுவிடும். மளிகையை நோட்டில் எழுதி வாங்குவதை விட்டு, மாதம் ஒரு முறை பட்டியல் எழுதிக் கொண்டுபோய்க் காசு கொடுத்து வாங்குங்கள். கணவரின் பேக்கரிக் கணக்கையும் பாருங்கள். இரண்டு டீ, ஒரு பப்ஸ், கூட வந்தவருக்கு ஒரு டீ என்று நாளைக்கு 60 ரூபாய் போனால் மாதம் 1,800. முழுதாக நிறுத்தச் சொன்னால் ஒரு வாரம் தாங்காது. பாதியாக்கச் சொல்லுங்கள், நடக்கும். நீங்கள் துணி எடுக்கப் போவது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸிலாக இருக்கட்டும், பெண்களுக்கு 2021 முதல் அதில் கட்டணம் இல்லை.

கரண்ட் பில்லில் 500 யூனிட் என்ற எல்லையைக் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த சலுகையும் சேர்ந்து போகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 500க்கும் 540க்கும் இடையே சுமார் 600 ரூபாய் வித்தியாசம். தையல் மெஷினும் அயர்ன் பாக்ஸும் ஓடுகிற வீடு உங்களுடையது. ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

மாமியாரின் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும். அங்கே இல்லாத மருந்தை முதல்வர் மருந்தகத்தில் விசாரியுங்கள், விலை நன்றாகவே குறையும்.

பிள்ளைகளை நடு வருடத்தில் பள்ளி மாற்ற வேண்டாம். ஆனால் பெண்ணை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கலாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. இது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் வற்புறுத்தவில்லை.

கடனுக்கும் சீட்டுக்குமாக இன்று மாதம் 16,700 போகிறது. மாற்றிய பிறகு வங்கி வட்டி, குழு, சீட்டு எல்லாம் சேர்ந்து 9,420. மிச்சம் 7,280இல் ஆர்டிக்கு 3,500 போக மீதியோடு வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த 3,000ஐயும் சேர்த்தால், மாதம் 6,500 நகைக்கடன் அசலில் கட்டலாம். ஒரு வருடத்தில் 78,000 குறையும். அப்போது குழுக் கடனும் சீட்டும் முடிந்து 7,100 விடுபடும். அதையும் அதிலேயே கட்டினால் மொத்தம் இரண்டரை வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். போடாமல் கிடக்கும் பழைய நகை ஒன்றரைப் பவுன் இருந்து, அதை விற்க மனம் வந்தால் இன்னும் சீக்கிரம். தாலிக்கொடியைச் சொல்லவில்லை.

கடைசியாகத் தண்டல். 10,000க்கு எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் இது 75 விழுக்காட்டுக்கு மேல். 3 வட்டியைப் போல இரண்டு மடங்கு. வேண்டாம். இந்த ஜூனுக்கு ஆர்டி கை கொடுக்காது, அதனால் ஏப்ரலிலேயே பள்ளிக்குப் போய்க் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். வாய்மொழியாக அல்லாமல், தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தவணைக்கு ஆகும் தொகையைச் சீட்டுப் பணத்திலிருந்தே எடுங்கள். வட்டிக்காரருக்கான பங்கில் அந்த அளவு குறைந்து, நகைக்கடன் அதே அளவு கூடினாலும் பரவாயில்லை.