ரோபோ யாருடைய வேலை? கையெழுத்துப் போடும் முன் ஒரு வெல்டருக்குச் சில விளக்கங்கள்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் 18 ஆண்டுகளாக வெல்டராக இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பிரிவில் ரோபோ வெல்டிங் தொடங்கவிருக்கிறது. அதை இயக்குவது வெல்டர்களின் வேலை என்று எங்கள் சங்கமும், பராமரிப்புப் பிரிவின் வேலை என்று மற்றொரு சங்கமும் சண்டையிடுகின்றன. இதற்கிடையில் எனக்கு ‘செல் எக்சிகியூட்டிவ்’ பதவி தருவதாகச் சொல்லி நிர்வாகம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா?

பதில்: இப்போது போட வேண்டாம். தாளின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சங்கச் சண்டையைப் பார்ப்போம். அமெரிக்காவில் இரு சங்கங்கள் ஒரே வேலைக்கு உரிமை கோரி வேலைநிறுத்தம் வரை போனால், வேலை இன்னாருக்கு உரியது என்று முடிவு சொல்ல 1947 முதல் அந்நாட்டுத் தேசியத் தொழிலுறவு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. நம் நாட்டில், தொழிலாளர்களுக்கு இடையே எழும் பிணக்கும் தொழில் தகராறுதான் என்று சட்டம் ஒப்புக்கொள்வதால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். ஆனால் அவர் தீர்ப்பு எழுதுபவர் அல்லர். இந்த இயந்திரம் இந்தப் பிரிவாருக்கே என்று வகுத்துத் தரும் விதியும் நம் சட்டத்தில் இல்லை. எனவே, ‘ரோபோ எங்களுடையது’ என்று ஆலை வாயிலில் ஆளுக்கொரு கொடியை நட்டுக்கொண்டு நிற்பதால் பலன் அடையப்போவது நிர்வாகம் மட்டுமே. நீங்கள் காக்க வேண்டியவை உங்கள் கிரேடு, ஊதியம், பணிமூப்பு ஆகிய மூன்றும்தான்.

இதற்குச் சட்டம் தரும் பிடிமானம், பழைய சட்டத்தின் பிரிவெண்ணைக் கொண்டு தொழிலாளர்கள் இன்றும் ‘9ஏ நோட்டீஸ்’ என்றே அழைக்கும் முன்னறிவிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் இது 40ஆம் பிரிவாக இருக்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மேம்பாட்டையும் கிரேடு மாற்றத்தையும் 21 நாள் முன்னறிவிப்பின்றிச் செய்யக் கூடாது. கையால் எழுத்துக் கோத்த இடத்தில் ஒளியச்சுக்கோப்பைக் கொண்டுவந்த லோக்மத் நாளிதழ் வழக்கில், இந்த நோட்டீஸை மாற்றம் செய்வதற்கு முன்பே தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1999இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘யாரையும் நீக்க மாட்டோம், ஆகவே நோட்டீஸ் தேவையில்லை’ என்று நிர்வாகம் சொன்னால், அதையே எழுத்தில் கேளுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மாற்றம் நடந்தால் நோட்டீஸ் தேவையில்லை. சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம், பழைய சட்டத்தின் பிரிவெண்ணால் ‘12(3)’ எனப்படுவது, சங்க உறுப்பினர்களை மட்டுமன்றி, எந்தச் சங்கத்திலும் சேராதவரையும் நாளை வேலைக்கு வருபவரையும்கூடக் கட்டும். ஊதிய உயர்வுக்காகப் போடப்படும் இத்தகைய ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், ‘உற்பத்தித்திறன் மேம்பாட்டுக்கும் புதிய தொழில்நுட்பத்துக்கும் தொழிலாளர்கள் முழு ஒத்துழைப்பு நல்குவர்’ என்ற ஒற்றை வரி இருக்கும். எத்தனை ரூபாய் ஏறியது என்பதிலேயே அனைவரின் கண்ணும் இருக்கும்போது அந்த வரியை எவரும் படிப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால், நிர்வாகத்தின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அதைத்தான். அது ரோபோவையும் உங்கள் கிரேடையும் உள்ளடக்குமா என்பது வாதிடத்தக்கதே என்றாலும், சும்மா இருந்துவிட்டுப் பிறகு வாதிடுவது கடினம். எனவே உங்கள் சங்கத்திடம் கடைசி ஒப்பந்தத்தின் முழு நகலையும் இன்றே கேளுங்கள். தர மறுக்கும் தலைவர் எதை மறைக்கிறார் என்றும் கேளுங்கள்.

இனி அந்தப் பதவி. ஆட்குறைப்பு வரும்போது, அந்தந்த வகையில் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பதே பொதுவிதி. வெல்டர் பட்டியலில் நீங்கள் மூத்தவர். ‘செல்’ என்ற புதிய வகைக்கு மாறினால், பழைய பணிமூப்பு தொடரும் என்று எழுதப்படாத வரை, அங்கே நேற்று வந்தவராகக் கருதப்படும் ஆபத்து உண்டு. மேலும், ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பெயரை வைத்து உங்களை மேற்பார்வையாளர் என்று நிர்வாகம் வாதிடலாம். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் சட்டப்படி ‘தொழிலாளர்’ அல்லர்; இந்தப் பாதுகாப்புகளை அவர் கோர முடியாது. பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலையையே நீதிமன்றம் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியவர் நீங்கள்.

தொழிலாளர் அலுவலகங்களின் வாசலில் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் நிற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சமரச மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிடைக்கும் தொகையில் பங்கு பேசுபவர், பிறகு நிர்வாகத்திடமும் பேசிவிட்டு உங்கள் பெயரில் ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்த கதைகளை நான் போதுமான அளவு கேட்டிருக்கிறேன்.

வேலைநீக்கம், ஆட்குறைப்பு போன்றவற்றுக்குத் தனியாள் தகராறு எழுப்பலாம். வேலைப் பங்கீட்டுக்குச் சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ துணை நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ளோரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கமாகும். எந்தச் சங்கத்துக்கும் அது இல்லையெனில் 20 விழுக்காடாவது பெற்றவை சேர்ந்து குழுவாகப் பேசும். ஆகவே இரு சங்கங்களும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். வெல்டர்களுக்கு ரோபோ பயிற்சியில் முன்னுரிமை, கிரேடும் ஊதியமும் குறையாமை, பணிமூப்புத் தொடர்ச்சி ஆகியவற்றைக் கேட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கும் முன்பே சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். விசாரணை நடக்கும்போது, தகராறு தொடர்பான பணி நிலைமைகளை உங்களுக்குப் பாதகமாக, எழுத்துமூல அனுமதியின்றி, நிர்வாகம் மாற்றக் கூடாது.

சமரசம் 45 நாளில் முடிய வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாமேல் வாய்தா கொடுத்தே பழகிய துறை அந்தக் கணக்கை மதிக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வோர் அமர்வின் குறிப்பையும் எழுத்தில் பெறச் சொல்லுங்கள். சமரசம் தோற்றால், முன்போல் அரசின் பரிந்துரைக்காகத் தவம் கிடக்காமல், 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகவே போகலாம். அந்த 90 நாளை எண்ணும் பொறுப்பைச் சங்கத்திடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் எண்ணுங்கள். மனுவின் நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.