தீர்க்கதரிசியும் அறிவனும்

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் 'ஏசாயா தீர்க்கதரிசி' என்று வாசிக்கிறோம். என் கத்தோலிக்கத் தோழியின் திருவிவிலியத்தில் 'இறைவாக்கினர்' என்று இருக்கிறது. எது சரி? பழந்தமிழில் இதற்குச் சொல் உண்டா? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. தீர்க்கதரிசி வடமொழியிலிருந்து வந்தது. தீர்க்காயுசு என்று வாழ்த்துகிறோமே, அந்தத் தீர்க்கம்தான். நீளம் என்று பொருள். தரிசி, காண்பவர். வடமொழியில் முன்யோசனை உள்ளவரை அப்படிச் சொன்னார்கள். தமிழ் வேதாகமம் அதை இறைவனின் தூதைச் சொல்பவருக்கு ஆக்கியது.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் நாபி. தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்கள் சொல்லும் 'நபி'யும் அதன் உடன்பிறப்பு. புதிய ஏற்பாட்டின் மூலமான கிரேக்கத்தில் உள்ள சொல்லோ பேசுவதையே குறிக்கிறது. ஆகவே, வாக்கைப் பிடித்துக்கொண்ட இறைவாக்கினர் அதற்கு நெருக்கமானது. தீர்க்கதரிசி பார்வையை முன்னே வைக்கிறது.

பழந்தமிழ்ச் சொல்லைக் கேட்டீர்களே, அதில்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தொல்காப்பியம், வெற்றியையும் மேன்மையையும் சொல்லும் வாகைத் திணையில் 'மறுவில் செய்தி மூவகைக் காலமும் நெறியின் ஆற்றிய அறிவன் தேயமும்' என்கிறது. முக்காலமும் உணர்ந்தவன் அறிவன். இளம்பூரணர் உரை இன்னும் அருமை: பகலும் இரவும் இடைவிடாமல் வானத்தைப் பார்த்து, வானவில், மின்னல், விண்மீன் வீழ்வது, கோள்நிலை, மழைநிலை எல்லாம் கண்டு பயன் கூறுபவன் என்கிறார். குறி சொல்வதும் சாமியாடுவதும் அதில் இல்லை. ஓயாத கவனிப்புதான் இருக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குளச்சல் மூத்தவர்களை நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். வள்ளுவரும் 'அறிவுடையார் ஆவ தறிவார்' என்றே (427) சொன்னார். பிற்காலத்தில் அறிவன் என்ற பெயர் மணிமேகலையில் புத்தருக்கும் வழங்கியது.

தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்ட அதங்கோட்டாசானின் ஊர், உங்களுக்குப் பக்கத்து அதங்கோடுதான் என்பது நம் மாவட்டத்து மரபு. இதையும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வகுப்பில் முதலாம் சாமுவேல் 9:9-ஐத் திறந்துவையுங்கள். இந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டான் என்று அங்கேயே இருக்கிறது. சொல் மாறிவந்த கதையை வேதமே சொல்லும்போது, தோழியின் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயங்காமல் வாசிக்கலாம்.