முன் சில்லு தண்டவாளத்தை விட்டு ஏறுவதற்கு

வணக்கம் சகோதரம். கல்லடியில் மாடியில் போட்ட எச்ஓ (HO) அளவு மாதிரி ரயில் பாதையில், நீராவி எஞ்சினின் முன் சின்னச் சில்லு பாதை பிரியும் பொயிண்ட்ஸைக் கடக்கும்போது மட்டும் தண்டவாளத்தை விட்டு இறங்குகிறது, அந்தச் சில்லைக் கீழே அழுத்தும் ஸ்பிரிங்கை இழுத்து விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரே அச்சிலுள்ள இரண்டு சின்னச் சில்லுகளின் உள்பக்க இடைவெளியை வேனியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். தண்டவாளங்களுக்கிடையே 16.5 மில்லிமீற்றர் உள்ள எச்ஓ பாதைக்கு அது கிட்டத்தட்ட 14.4 இருக்க வேண்டும். அதில் பிழை என்றால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது.

அளவு சரி என்றால் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, ஒவ்வொரு பெரிய சில்லுக்கடியிலும் முன் சின்னச் சில்லுக்கடியிலும் மெல்லிய கடதாசித் துண்டை நுழைத்து இழுங்கள். முன் பெரிய சில்லின் கடதாசி மட்டும் சுகமாக வழுக்கி வந்தால் சின்னச் சில்லின் ஸ்பிரிங் கடுமை. அது எஞ்சினின் மூக்கைத் தூக்குகிறது. அரைச் சுற்று வெட்டினால் போதும். மாறாக, சின்னச் சில்லின் கடதாசியே தடையில்லாமல் வந்தால் அழுத்தம் போதாது. அப்போதுதான் ஸ்பிரிங்கை நுனிக்குறடால் இழுக்க வேண்டும், அதுவும் மயிரிழை மயிரிழையாக. ஒருமுறை அளவுக்கு மிஞ்சி நீண்டால் பழையபடி சுருங்காது. பேனா ஸ்பிரிங் வெட்டிப் போடவே வேண்டாம், எச்ஓவுக்கு அது மிகக் கடுமை.

எங்கள் பக்க உப்புக்காற்றில் உருக்கு ஸ்பிரிங் கறள் பிடித்து இறுகும். பொஸ்பர் வெண்கலக் கம்பி கிடைத்தால் அதையே பாவியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இறங்கினால், எந்த இடத்தில் ஏறுகிறது என்று எஞ்சினைக் கையால் மெல்லத் தள்ளிப் பார்த்துச் சொல்லுங்கள்.