மதுரை மொட்டைமாடியில் கெமோமில் ஏன் முளைக்கவில்லை?

வணக்கம். கெமோமில், அதாவது தேநீர் போடும் சீமைச் சாமந்திப் பூச்செடியின் விதையை மார்ச்சில் விதைத்து அரை அங்குலம் மண் போட்டு மூடினேன், நான்கே நாற்று வந்தது, அவையும் ஏப்ரலில் கருகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். விதையைக் குறை சொல்ல வேண்டாம், மூடியதுதான் முதல் தவறு. கெமோமில் விதை தூசு போல இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமண் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.

அப்புறம் பருவம். இது குளிர்ச்சியை விரும்பும் செடி, மதுரைக் கோடையைத் தாங்காது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ விதையுங்கள். அடைமழையில் விதை அடித்துப் போகாதபடி தொட்டியைக் கூரைக்கடியில் வையுங்கள். ஜனவரி வாக்கில் பூ பார்க்கலாம். உரம் அதிகம் போனால் இலைதான் மண்டும்.

தேநீருக்கு ஜெர்மன் கெமோமில்தான் என் தேர்வு. பூவை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நடு மஞ்சள் குமிழ் உள்ளே காலியாக இருந்தால் அதுதான். வெள்ளை இதழ்கள் விரிந்து கீழே மடங்கத் தொடங்கும்போது, பனி காய்ந்த பின் பறித்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு கோப்பை வெந்நீருக்கு 2 தேக்கரண்டி காய்ந்த பூ, 5 நிமிடம். கட்டாயம் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

அம்மாவின் தூக்கத்துக்காக என்றீர்கள். அவருக்குப் பார்த்தீனியம் ஒவ்வாமை இருந்தால் வேண்டாம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.